டர்பனிலிருந்து கோல்ட் ரீஃப் சிட்டிக்கு: குடும்பத்தோடு விளையாடிக்கொண்டே போய்வர முழு வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவில், ஜோஹன்னஸ்பர்க்கில் இருக்கும் தீம் பார்க் கோல்ட் ரீஃப் சிட்டி. தீம் பார்க்கில் ஒரு ரைடு ஓடுவது இரண்டு நிமிடம், மிஞ்சிப்போனால் மூன்று நிமிடம். பள்ளி விடுமுறை நாளாக இருந்தால் அதற்காக வரிசையில் நிற்பது அரை மணிக்கும் மேல். டர்பனிலிருந்து ஜோஹன்னஸ்பர்க்குக்கு என்3 சாலையில் ஏறத்தாழ 570 கிலோமீட்டர். சாலை காலியாக இருந்தாலே ஆறு மணி நேரம் ஆகும். கணக்குப் பார்த்தால் இந்தப் பயணத்தில் பிள்ளைகள் ஓடியாடும் நேரம் கொஞ்சம், உட்கார்ந்தும் நின்றும் காத்திருக்கும் நேரம் அதிகம். ரைடுகளை நடத்த பார்க்கில் ஆள் இருக்கிறார்கள். காத்திருக்கும் நேரத்தை நடத்துவது நம் பொறுப்பு. நான் கீழே எழுதுவதில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான்.

டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கத்திலிருந்து தாத்தா, ஆயா, பிள்ளைகள் என்று ஒரே வண்டியில் கிளம்பும் குடும்பத்தை மனத்தில் வைத்து எழுதுகிறேன். ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து லெனேஷியாவில் இருப்பவர்களுக்குச் சாலைப் பகுதி தேவைப்படாது. மற்றதெல்லாம் அவர்களுக்கும் பொருந்தும்.

1. நாள் பார்ப்பது

ஜூன் கடைசியில் தொடங்கி ஜூலையில் முடியும் குளிர்கால விடுமுறைதான் என் முதல் தேர்வு. ஜோஹன்னஸ்பர்க்கில் அப்போது மழை கிடையாது. வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். காலையும் இரவும் கடுங்குளிர், பகலில் இதமான வெயில். டர்பன் குளிரை மட்டும் பார்த்த பிள்ளைகளுக்கு அங்கே காலை ஏழு மணிக் காற்று புதிதாக இருக்கும். அதனால் தடித்த ஜெர்சி ஒன்றாவது வேண்டும்.

டிசம்பரில் போவதற்கும் ஒரு நல்ல காரணம் உண்டு. மாதத்தின் நடுவில் ஜோஹன்னஸ்பர்க்கே கிளம்பி நம் கடற்கரைக்கு வரும். என்3 சாலையில் அவர்கள் இந்தப் பக்கம் ஊர்ந்துகொண்டிருக்க, நீங்கள் எதிர்த் திசையில் நிம்மதியாகப் போகலாம். ஆனால் ஜனவரி முதல் வாரத்தில் அதே கூட்டம் திரும்பி வடக்கே போகும். அந்த நாட்களில் நீங்களும் வடக்கே கிளம்பாதீர்கள். இன்னொன்று, கோடைக்காலத்தில் ஜோஹன்னஸ்பர்க் இருக்கும் ஹைவெல்ட் மேட்டுநிலத்தில் பிற்பகல் ஆனால் இடியும் மின்னலும் வழக்கம். மின்னல் வந்தால் பெரிய ரைடுகளை நிறுத்திவிடுவார்கள்.

செப்டம்பர் கடைசியில் வரும் வசந்தகால விடுமுறை புரட்டாசியில் விழும். வீட்டில் மாதம் முழுக்க மரக்கறி என்றால் சாப்பாட்டை வேறு விதமாகத் திட்டமிட வேண்டியிருக்கும். அதைத் தனியாகச் சொல்கிறேன்.

பள்ளி நடக்கும் மாதங்களில் பார்க் வாரத்தின் எல்லா நாளும் திறந்திருப்பதில்லை. டிக்கெட் வாங்குவதற்கு முன்னால் அந்தத் தேதிக்குத் திறந்திருக்கிறதா, எந்த ரைடு பழுதுபார்ப்புக்காக மூடியிருக்கிறது என்று அவர்களுடைய இணையதளத்தில் பாருங்கள். ஒரே ஒரு ரைடுக்காகக் கனவு கண்டுகொண்டு வந்த பிள்ளைக்கு, வாசலில் ‘மூடியிருக்கிறது’ என்ற பலகை பெரிய இடி.

2. கதவு நிலையில் உயரக் கோடு

பெரிய ரைடுகளுக்கு உயரக் கட்டுப்பாடு உண்டு. ரைடைப் பொறுத்து பொதுவாக 1.2 மீட்டரிலிருந்து 1.4 மீட்டர் வரை கேட்பார்கள். வரிசையின் தலைப்பில் நிற்கும் அளவுகோலுக்கு ஒரு விரற்கடை குறைந்தாலும் விடமாட்டார்கள், விடவும் கூடாது. பாதுகாப்புக் கம்பி அந்த உடம்பளவுக்கு ஏற்றபடிதான் செய்திருக்கும்.

ஆகவே பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே வீட்டுக் கதவு நிலையில் எல்லோரையும் நிறுத்தி, தலைக்கு மேல் புத்தகத்தைத் தட்டையாக வைத்து, பென்சிலால் கோடு போடுங்கள். செருப்பில்லாமல் அளவெடுங்கள். தாத்தாவையும் அளவெடுங்கள், பிள்ளைகளுக்கு அதில் தனிச் சந்தோஷம். பிறகு பார்க்கின் ரைடு பட்டியலை எடுத்து, ஒவ்வொரு ரைடின் பெயரையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, எந்த உயரத்துக்கு மேல் விடுவார்களோ அந்த உயரத்தில் கதவிலேயே ஒட்டிவிடுங்கள். தன் கோட்டுக்குக் கீழே இருப்பதெல்லாம் தனக்கு, மேலே இருப்பது அடுத்த வருடத்துக்கு என்று பிள்ளைக்குத் தானாகப் புரிந்துவிடும். அழுகை இருந்தால் அது வீட்டிலேயே முடிந்துவிடும். ஜோஹன்னஸ்பர்க் வரிசையில் நடக்காது.

இதே சமயத்தில் குடும்பக் கூட்டம் ஒன்று போடுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு ‘கட்டாயம்’ உண்டு. தம்பிக்கு ஒரு ரைடு, அக்காவுக்கு ஒரு ரைடு, ஆயாவுக்குத் தங்கம் உருக்குவதைப் பார்ப்பது, அம்மாவுக்கு நிழலில் உட்கார்ந்து ஒரு தேநீர். இந்தக் கட்டாயங்கள் நடந்தால் நாள் வெற்றி, மற்றதெல்லாம் உபரி. எல்லாவற்றையும் பார்த்தே தீருவது என்று கிளம்பும் குடும்பங்கள் மத்தியானத்துக்குள் சண்டை போட்டுக்கொள்வதைப் பார்க்கில் எந்தப் பெஞ்சில் உட்கார்ந்தாலும் பார்க்கலாம்.

இதய நோய், ரத்த அழுத்தம், முதுகு அல்லது கழுத்து வலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வேக ரைடுகளில் ஏறக்கூடாது. இதில் பெரியவர்களுக்காகக் கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள். தாத்தா ஆசைப்பட்டால், வீட்டிலேயே மரியாதையோடு பேசி முடித்துவிடுங்கள்.

3. இரண்டு வாரத்துக்கு முன்பே தொடங்கும் விளையாட்டுகள்

*உறை விளையாட்டு.* நுழைவுச்சீட்டில் பெரும்பாலான ரைடுகள் அடங்கிவிடும். பணம் கரைவது வேறு இடத்தில்: வளையம் எறியும் ஸ்டால், ஐஸ்கிரீம், மினுக்கும் பொம்மை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு உறை கொடுங்கள். அதில் பயணச் செலவுக்காக நீங்கள் நினைத்திருக்கும் தொகையில் பாதியைப் போடுங்கள். மீதியை அவர்கள் இந்த இரண்டு வாரத்தில் சம்பாதிக்க வேண்டும்: பாத்திரம் கழுவினால் 5 ராண்ட், ஆயாவின் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினால் 5 ராண்ட், காரைக் கழுவினால் 20 ராண்ட். தான் உழைத்துச் சேர்த்த காசை வளையம் எறியும் ஸ்டாலில் விடுவதற்கு முன் பிள்ளை தானே இரண்டு முறை யோசிக்கும். ‘வேண்டாம்’ என்று நீங்கள் ஒரு முறைகூடச் சொல்ல வேண்டியிராது.

*வரிசைப் பயிற்சி.* இது சின்னப் பிள்ளைகளுக்கு. கூடத்தில் நாற்காலிகளை வளைத்து வளைத்து அடுக்கி வரிசைப் பாதை ஒன்று செய்யுங்கள். கடைசியில் ஒரு சோபா: அதுதான் ரைடு. அப்பா டிக்கெட்காரர். பாதையில் மெல்ல நகர்ந்து, முறை வந்ததும் உட்கார்ந்து, அப்பா சோபாவை ஆட்ட, இறங்கி, மறுபடி வரிசை. நான்கு வயதுப் பிள்ளைக்குக் காத்திருப்பது என்பது பழக்கம். சொல்லி வராது, செய்து பார்த்தால்தான் வரும்.

*உள்ளூரில் ஒத்திகை.* டர்பன்காரர்களுக்கு ஊஷாக்கா மரீன் வேர்ல்ட் இருக்கிறது. 2004-இல் திறந்தது. நீர்ச் சறுக்குகளும், பழைய கப்பல் சிதைவு போலக் கட்டிய மீன் காட்சியகமும் அங்கே உண்டு. பெரிய பயணத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை அங்கே போய்வந்தால் உங்கள் குடும்பத்தின் குணம் தெரிந்துவிடும்: யாருக்கு எத்தனை மணிக்குப் பசிக்கும், யார் உயரத்தைக் கண்டால் பின்வாங்குவார், யாருக்கு அரை மணிக்கு ஒரு முறை கழிவறை வேண்டும். அன்று பார்த்ததை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஜோஹன்னஸ்பர்க் நாளின் திட்டம் அதிலிருந்துதான் வர வேண்டும்.

4. பை கட்டுவது

நீண்ட பட்டியல் தேவையில்லை. தவறவிடக் கூடாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

காலுக்கு நன்றாகப் பழகிய டேக்கீஸ் (விளையாட்டுக் காலணி). புதுச் சோடி வேண்டாம், செருப்பும் வேண்டாம். கால் தொங்கும் ரைடுகளில் செருப்பு பறந்துவிடும்.

தொப்பியும் சன்ஸ்கிரீனும் குளிர்காலத்திலும் வேண்டும். ஜோஹன்னஸ்பர்க் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். காற்று குளிர்ச்சியாக இருப்பதால் தோல் சுடுவதே தெரியாது. உதடு வெடிப்புக்கு வாசலின் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வறண்ட காற்றில் நம் கடலோர உதடுகள் ஒரே நாளில் வெடித்துவிடும். உயரம் காரணமாக முதல் நாள் பெரியவர்களுக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கலாம். தண்ணீரை அடிக்கடி குடிக்கச் சொல்லுங்கள்.

மருந்துப் பெட்டியைப் பயணப் பெட்டிக்குள் புதைக்காமல் கைப்பையில் வையுங்கள். தாத்தாவின் மாத்திரைகளை நாள் வாரியாகப் பிரித்து வைப்பது பேரப்பிள்ளையின் வேலையாக இருக்கட்டும். அம்மா ஒரு முறை சரிபார்த்தால் போதும். வயிறு புரளும் பிள்ளைகளுக்கு இஞ்சி மிட்டாய்.

பார்க்குக்குப் போகும் நாளில் எல்லோருக்கும் ஒரே நிறத்தில் மேல்சட்டை. கண்ணைப் பறிக்கும் மஞ்சள் நல்லது. காலையில் கிளம்பும்போது பிள்ளைகளை ஒரு புகைப்படம் எடுங்கள். யாராவது காணாமற்போனால் என்ன உடுத்தியிருந்தார்கள் என்று காவலரிடம் சொல்ல வாய் வராது, படத்தைக் காட்டிவிடலாம். சின்னவர்களின் மணிக்கட்டின் உட்பக்கத்தில் உங்கள் கைப்பேசி எண்ணைப் பேனாவால் எழுதி, மேலே ஒட்டும் டேப் ஒட்டிவிடுங்கள்.

மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு வண்டியில் குழந்தை இருக்கை இந்த நாட்டில் 2015 முதல் சட்டப்படி கட்டாயம். மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று ஆயா சொன்னாலும் வேண்டாம்.

5. சாப்பாடு

வழிச் சாப்பாட்டில் நம்மவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உருளைக்கிழங்கு மசாலா வைத்துச் சுருட்டிய ரொட்டி, புளிச்சோறு, வடை, முறுக்கு, சமோசா, பிளாஸ்கில் தேநீர். ரொட்டியை ஒவ்வொன்றாகத் தாளில் சுற்றி, சுற்றிய தாளின் மேல் பெயர் எழுதுங்கள். வண்டிக்குள் ‘எனக்கு எது’ என்ற கூச்சல் இருக்காது. காரம் குறைந்தது யாருக்கு என்றும் தெரியும்.

புரட்டாசியில் போனால் கூடுதல் கவனம். சாலையோர நிறுத்தங்களிலும் பார்க்கிலும் கிடைப்பது பெரும்பாலும் பர்கரும் கோழியும். மரக்கறி என்று கேட்டால் சிப்ஸைக் காட்டுவார்கள். புளிச்சோறு இரண்டு நாள் தாங்கும், அதிலும் குளிர்ப்பெட்டியில் இருந்தால் கவலையில்லை. வெங்காயம் போடாமல், நல்லெண்ணெய் தாராளமாக விட்டுக் கிளறுங்கள். தயிர் கலந்தது எதுவும் கோடையில் வேண்டாம்.

வெளிச் சாப்பாட்டைப் பார்க்குக்குள் விடுவார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். விடாவிட்டால் குளிர்ப்பெட்டி வண்டியிலேயே இருக்கட்டும். வெளியே வந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி உள்ளே போக முடியுமா என்று வாசலில் விசாரித்துவிட்டு நுழையுங்கள். பதினொன்றரைக்கே சாப்பிட்டுவிடுவது நல்லது. எல்லோரும் சாப்பிடும் ஒரு மணிக்கு ரைடு வரிசைகள் குறையும், அப்போது நீங்கள் வரிசையில் இருக்க வேண்டும்.

6. என்3 சாலை: ஐந்து டோல் கேட், வழிநெடுக விளையாட்டு

‘இன்னும் எவ்வளவு தூரம்?’ என்ற கேள்வி பீட்டர்மாரிட்ஸ்பர்க்கைத் தாண்டுவதற்குள் தொடங்கிவிடும். அதற்கு நான் வைத்திருக்கும் பதில் டோல் கேட்டுகள். டர்பனிலிருந்து போகும்போது மரியன்ஹில், மூய் ரிவர், டுகேலா, வில்கே, டி ஹூக் என்று பிரதானச் சாலையில் ஐந்து வரும். ஒரு அட்டையில் ஐந்து கட்டம் வரைந்து, பெயர்களை எழுதி, பின்னால் உட்காரும் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு கேட்டிலும் ஒரு கட்டத்துக்கு வண்ணம். நடுவில் வரும் கட்டங்களுக்கு விளையாட்டு. கிலோமீட்டர் பிள்ளைக்குப் புரியாது. ‘இன்னும் இரண்டு கட்டம்’ புரியும்.

முதல் கட்டம், மரியன்ஹில் வரை, எதுவும் வேண்டாம். கிளம்பிய உற்சாகமே போதும். சாமி பாட்டு ஒன்று போடுங்கள்.

இரண்டாம் கட்டத்தில் *நம்பர் பிளேட்*. முன்னால் போகும் வண்டியின் எண்களைக் கூட்டித் தமிழில் சொல்ல வேண்டும். பிளேட்டில் 4, 7, 2 என்று இருந்தால் ‘பதின்மூன்று!’ முதலில் சொன்னவருக்கு ஒரு புள்ளி. ஆங்கிலத்தில் சொன்னால் புள்ளி இல்லை. வீட்டில் தமிழ் பேசாத பிள்ளைகள்கூட ஒரு மணி நேரத்தில் நாற்பது வரை சரளமாகச் சொல்வதை நீங்களே பார்ப்பீர்கள். எண் மறந்தால் ஆயாவிடம் கேட்கலாம். இதனால் ஆயாதான் வண்டியில் முக்கியமான ஆள் ஆகிவிடுவார். பெரிய பிள்ளைகளுக்கு மாகாண வேட்டை: குவாசுலு-நட்டாலின் இசட்.என். (டர்பனின் என்.டி., மாரிட்ஸ்பர்க்கின் என்.பி. என்பவை பழைய பிளேட்டுகள்), ஜோஹன்னஸ்பர்க் இருக்கும் கவுடெங்கின் ஜி.பி., ஃப்ரீ ஸ்டேட்டின் எஃப்.எஸ். என்று எல்லாவற்றையும் பிடிக்க வேண்டும். சி.ஏ. என்று தொடங்கும் கேப் டவுன் வண்டிக்கு ஐந்து புள்ளி.

இந்தக் கட்டத்தில்தான் ஹோவிக் வருகிறது. நெடுஞ்சாலையிலிருந்து சற்று விலகினால் நெல்சன் மண்டேலா 1962 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கைதான இடம். அங்கே 50 எஃகுத் தூண்களை நட்டு ஒரு சிற்பம் செய்திருக்கிறார்கள், 2012-இல் திறந்தது. பக்கத்தில் நின்றால் ஒழுங்கில்லாமல் நிற்கும் கம்பிகள். சரியான ஒரு இடத்தில் வந்து நின்றால் மண்டேலாவின் முகம் தெரியும். பிள்ளைகளிடம் இதைச் சொல்லாதீர்கள். ‘இந்தக் கம்பிகளுக்குள் ஒருவர் ஒளிந்திருக்கிறார், கண்டுபிடியுங்கள்’ என்று மட்டும் சொல்லுங்கள். முன்னும் பின்னும் ஓடி, குனிந்து, நிமிர்ந்து, பின்வாங்கி, சட்டென்று ஒரு பிள்ளை அசையாமல் நின்றுவிடும். சாலைப் பயணத்தில் இதைவிட நல்ல ஒரு மணி நேரம் எனக்குத் தெரியாது. கால் நீட்டவும் ஆயிற்று, கழிவறைக்கும் ஆயிற்று. நேரம் இருந்தால் சுமார் 95 மீட்டர் விழும் ஹோவிக் அருவியும் பக்கத்தில்தான்.

மூன்றாம் கட்டத்தில் *அந்தாதி*. ஒருவர் சொல்லும் சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்தவர் தொடங்க வேண்டும்: மரம், மயில் என்று. மெய்யெழுத்தில் முடிந்தால் அதன் உயிர்மெய் வரிசையில் எதுவும் சரி. பாட்டுத் தெரிந்த வீடுகளில் பாட்டாகவே நடத்தலாம். அப்பாவும் மாமாவும் பழைய பாட்டுகளில் இறங்கிவிட்டால் டுகேலா கேட் வந்ததே தெரியாது.

டுகேலாவுக்கு அப்புறம் வான் ரீனன் கணவாய். அங்கே விளையாட்டு நிறுத்தம். லாரிகளும் வளைவுகளும் மூடுபனியும் உள்ள ஏற்றம் அது. ஓட்டுகிறவருக்கு அமைதி வேண்டும். 2024 செப்டம்பரில் பனி கொட்டி இந்தச் சாலையையே மூட வேண்டியதாயிற்று. அதனால் குளிர்காலத்திலும் வசந்தத்தின் தொடக்கத்திலும் கிளம்புமுன் வானிலை பாருங்கள். ஏறி முடித்து ஹாரிஸ்மித்தில் நிறுத்திச் சாப்பிடுங்கள். ஓட்டுநரை மாற்றவும் அதுவே இடம்.

ஹாரிஸ்மித்துக்கு மேல் ஃப்ரீ ஸ்டேட் சமவெளி. பார்க்க எதுவும் இல்லாமல் புல்லும் வானமும். பிள்ளைகள் சிணுங்கும் பகுதி இதுதான், ஆகவே மிகச் சிறந்த விளையாட்டை இதற்கு ஒதுக்கி வையுங்கள்: *தாத்தா கதை, பாதி பொய்*. தாத்தாவும் ஆயாவும் தங்கள் சின்ன வயதிலிருந்து மூன்று சம்பவம் சொல்ல வேண்டும். அதில் ஒன்று பொய். கரும்புத் தோட்டத்து வீடு, மாரியம்மன் கூழுக்கு நடந்துபோனது, பள்ளிக்குப் போக ஆற்றைக் கடந்தது. எது பொய் என்று பிள்ளைகள் குறுக்கு விசாரணை செய்து கண்டுபிடிக்க வேண்டும். பிள்ளைகள் பொய் என்று சத்தியம் செய்வது பெரும்பாலும் உண்மையாகத்தான் இருக்கும். குடும்ப வரலாற்றை உட்கார வைத்துச் சொன்னால் கேட்காத பதின்வயதுப் பையன்கூட இதில் காதிலிருந்து இயர்போனை எடுத்துவிடுவான்.

வில்லியர்ஸ் பக்கம் வால் ஆற்றைக் கடந்ததும் ம்புமலாங்கா மாகாணம், பிறகு கவுடெங். டி ஹூக் கேட்டிலிருந்து கடைசிப் பகுதி தூக்கத்துக்கு. தூங்கட்டும், எழுப்பாதீர்கள்.

7. முந்தின இரவு: தூனி

வந்த அன்றே பார்க்குக்கு ஓடாதீர்கள். உறவினர் வீட்டிலோ விடுதியிலோ ஒரு இரவு தங்குங்கள். அந்த இரவுக்குச் சீட்டுக்கட்டு ஒன்று போதும். தூனி நம் டர்பன் மண்ணில் வளர்ந்த ஆட்டம். அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க விடுமுறை இரவைவிட நல்ல நேரம் கிடைக்காது.

ஒவ்வொரு இனத்திலும் ஜாக்கி, ஒன்பது, ஏஸ், பத்து, ராஜா, ராணி என்று ஆறு சீட்டு, மொத்தம் 24. பலமும் அதே வரிசைதான்: ஜாக்கி எல்லாவற்றுக்கும் மேல், ராணி கடைசி. புள்ளி: ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. நான்கு பேர், எதிரெதிரே உட்காருபவர்கள் ஜோடி. முதலில் ஆளுக்கு நான்கு சீட்டு, துருப்பு முடிவானபின் மேலும் இரண்டு. கட்டிலிருந்து ஒதுக்கிய ஆறாம் எண் சீட்டுகளை ‘பால்’ (ball) எனப்படும் வெற்றிக் கணக்கு வைக்க எடுத்துக்கொள்வார்கள்.

பிள்ளைகளுக்கு முதல் நாள் ஏலம் கேட்பதையும், ஒரே இனத்து ராஜாவும் ராணியும் கையிலிருந்தால் ‘ஜோடி’ சொல்வதையும் விட்டுவிடுங்கள். சீட்டுப் போடுபவருக்கு வலப்பக்கம் இருப்பவர் துருப்பைச் சொல்லட்டும். கேட்ட இனத்தைப் போட வேண்டும், இல்லையென்றால் துருப்பால் வெட்டலாம். கடைசியில் புள்ளியைக் கூட்டுங்கள். இனத்துக்கு 76, நான்கு இனத்துக்கும் 304. இரண்டு பக்கக் கணக்கும் சேர்ந்து 304 வராவிட்டால் யாரோ தப்பாகக் கூட்டியிருக்கிறார்கள். தாத்தாவுக்கு மிகச் சின்னப் பேரனை ஜோடியாகப் போடுங்கள். ராஜாவைவிட ஒன்பது பெரியது என்பதை அந்தப் பிள்ளை நம்பாமல் தாத்தாவின் முகத்தைப் பார்ப்பதும், தாத்தா கண்ணாலேயே ‘போடு’ என்பதும் உங்களுக்கு விடுமுறையில் கிடைக்கும் இலவசக் காட்சி. கண்ஜாடை ஆட்ட விதிக்கு விரோதம்தான். அன்று ஒரு இரவு விட்டுவிடலாம்.

பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிடுங்கள்.

8. பார்க் நாள்

கோல்ட் ரீஃப் சிட்டி ஜோஹன்னஸ்பர்க் நகர மையத்துக்குத் தெற்கே, பழைய கிரவுன் மைன்ஸ் தங்கச் சுரங்கத்தின் மேல் இருக்கிறது. 1987-இல் திறந்தது. 1886-இல் இந்தப் பாறைத் தொடரில் தங்கம் கிடைத்ததால்தான் அந்த நகரமே எழுந்தது. பார்க்கும் அந்தக் காலத்து ஊரைப் போலவே கட்டப்பட்டிருக்கிறது.

வாசல் திறப்பதற்கு அரை மணி முன்பே போய் நில்லுங்கள். நுழைந்ததும் முதல் வேலை, தொலைந்தால் சந்திக்கும் இடம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டி, அந்த இடத்தைத் தொடச் சொல்லுங்கள். அங்கேயே, நிழலான ஒரு பெஞ்சில், தாத்தாவையும் ஆயாவையும் உட்கார வையுங்கள். அதுதான் அன்றைய தலைமையகம்.

பெரியவர்களைப் பைக்குக் காவல் வைத்துவிட்டுப் போகும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அவர்களுக்கு வேலை கொடுங்கள். தாத்தா கையில் ஒரு நோட்டும் பென்சிலும். ஒவ்வொரு ரைடு முடிந்ததும் பிள்ளைகள் ஓடிவந்து அதைத் தமிழில் வர்ணிக்க வேண்டும். கேட்டதை வைத்துத் தாத்தா அந்த ரைடைப் பார்க்காமலே வரைய வேண்டும். ‘மேலே போச்சு, நின்னுச்சு, அப்புறம் கீழே!’ என்றால் தாத்தா, ‘எவ்வளவு நேரம் நின்னுச்சு? கால் எங்கே இருந்துச்சு?’ என்று கேட்பார். நோட்டை வீட்டில் பத்திரமாக வைக்கத் தோன்றும்.

பெரிய ரைடுகளைக் காலையிலேயே முடியுங்கள். அனகோண்டா 1999-இல் வந்தது: தண்டவாளம் தலைக்கு மேல், கால் அந்தரத்தில். டவர் ஆஃப் டெரர் 2001-இல் வந்தது. செங்குத்தாக இறங்கிப் பழைய சுரங்கக் குழிக்குள்ளேயே பாயும். அதில் உடம்பு தாங்கும் விசையை 6.3 ஜி, அதாவது புவியீர்ப்பைப்போல் 6.3 மடங்கு என்று சொல்கிறார்கள். சில நொடிதான், ஆனால் துணிந்தவர்களுக்கு மட்டும். பயப்படும் பிள்ளையைக் கேலி செய்து ஏற்றாதீர்கள். வரிசையின் முனை வரை வந்துவிட்டுத் திரும்பவும் அதற்கு உரிமை உண்டு என்று முதலிலேயே சொல்லிவிட்டால், பாதிப் பிள்ளைகள் தாங்களாகவே ஏறிவிடுவார்கள்.

வரிசையில் நிற்கும்போது கைப்பேசி பைக்குள். கையில் பொருளே தேவையில்லாத விளையாட்டுகள்தான் அங்கே உதவும்.

*விடுகதை கட்டுதல்*: எதிரே ஓடும் ரைடைப் பார்த்துப் பிள்ளைகளே விடுகதை கட்ட வேண்டும். முதலில் பழசு ஒன்றைச் சொல்லி வழி காட்டுங்கள்: ‘ஒற்றைக் காலில் சுற்றுவான், ஓய்ந்துபோனால் படுத்துக்கொள்வான்’, பம்பரம். பிறகு புதுசு: ‘காலில்லாமல் மலையேறுவான், தலைகீழாய் இறங்குவான், அவன் வாய் திறக்கமாட்டான், மடியில் இருப்பவன் கத்துவான்’. வடிவம் பிடிபட்டுவிட்டால் பிள்ளைகள் ஐஸ்கிரீம் வண்டியையும் குப்பைத் தொட்டியையும்கூட விட்டுவைக்கமாட்டார்கள்.

*நாக்கு சுளுக்கு*: ‘ஓடுற நரியில ஒரு நரி கிழ நரி, கிழ நரி முதுகுல ஒரு முழம் நரை மயிர்’. வேகமாக மூன்று முறை. பின்னால் நிற்கும் அந்நியக் குடும்பமும் சேர்ந்துகொள்ளும்.

*ஒத்தையா ரெட்டையா*: உள்ளங்கையில் வேர்க்கடலையை மூடிக் கேட்பது. சரியாகச் சொன்னவர் தின்னலாம். கடலை தீர்வதற்குள் முறை வந்துவிடும்.

*விரல் தீர்ப்பு*: ரைடிலிருந்து இறங்கியதும் யாரும் பேசக்கூடாது. மூன்று எண்ணி, பத்துக்கு எத்தனை என்று எல்லோரும் ஒரே சமயம் விரல் காட்ட வேண்டும். அக்கா காட்டியதைப் பார்த்துத் தம்பி மாற்ற முடியாது.

வெயில் ஏறியதும் சுரங்கச் சுற்றுலாவுக்கு இறங்குங்கள். அதற்குத் தனியாக முன்பதிவும் வயதுக் கட்டுப்பாடும் இருக்கலாம், காலையிலேயே கேட்டு வைத்துவிடுங்கள். தலைக்கவசம் மாட்டி, தொழிலாளர்கள் வேலை செய்த இருட்டுக்குள் நிற்கும்போது பிள்ளைகள் அடங்கிப்போவார்கள். உருக்கிய தங்கத்தை ஊற்றிக் காட்டும் இடத்தில் ஆயாவுக்கு முன்வரிசை பிடித்துக் கொடுங்கள்.

மூன்று மணிவாக்கில் யாராவது ஒருவர் உடைந்து அழுவார்கள். அதைக் கெட்ட குணம் என்று எடுத்துக்கொள்ளாமல் தலைமையகத்துக்குக் கொண்டுவாருங்கள். தண்ணீர், முறுக்கு, ஆயாவின் மடி. இருபது நிமிடம் போதும்.

9. மறுநாளும் திரும்புவதும்

பார்க் முடிந்த மாலையே டர்பனுக்கு வண்டியைத் திருப்பாதீர்கள். களைத்த ஓட்டுநர், வான் ரீனன் மூடுபனி, இரவு லாரிகள் மூன்றும் சேரக்கூடாது. ஒரு நாள் கூடுதலாக இருந்தால் அதற்கு வேலை உண்டு.

பதினோரு, பன்னிரண்டு வயதைத் தாண்டிய பிள்ளைகள் என்றால் பார்க்குக்குப் பக்கத்திலேயே நிறவெறி ஆட்சியைப் பற்றிய அபார்ட்டைட் மியூசியம் இருக்கிறது, 2001-இல் திறந்தது. சின்னவர்களுக்கு அது கனம். அவர்களை ஒருவர் மெல்ரோஸ் சிவ சுப்பிரமணியர் கோயிலுக்குக் கூட்டிப்போகலாம். எல்லோரும் சேர்ந்து போக வேண்டிய இடம் பிராம்ஃபொன்டைன் இடுகாடு. தில்லையாடி வள்ளியம்மை அங்கே இருக்கிறாள். ஜோஹன்னஸ்பர்க்கில் பிறந்தவள். சத்தியாகிரகத்தில் டிரான்ஸ்வால் எல்லையைத் தாண்டி, மாரிட்ஸ்பர்க் சிறையில் அடைக்கப்பட்டு, காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22-ஆம் தேதி 16 வயதில் இறந்தாள். போகும் வழியில் பூ வாங்கிப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். வண்டியில் எண் கூட்டி விளையாடிய அதே சாலையின் இரண்டு முனைகளில் அவள் கதை நடந்தது என்று சொன்னால், திரும்பும் வழியில் மாரிட்ஸ்பர்க் பலகையைப் பார்க்கும்போது அவர்களே பேச்செடுப்பார்கள்.

திரும்புவதற்குக் காலைச் சிற்றுண்டி முடித்துக் கிளம்புங்கள். கணவாயைப் பகல் வெளிச்சத்தில் இறங்கிவிட வேண்டும். டோல் அட்டையைத் தலைகீழாகத் திருப்பி மறுபடி வண்ணம் தீட்டலாம். விளையாட்டுகளைப் பிள்ளைகளே நடத்தட்டும். இந்த முறை புள்ளிக் கணக்கு ஆயாவிடம். வீட்டுக்கு வந்ததும் டேக்கீஸைக் கழுவப் போடுவதற்கு முன் எல்லோரையும் மறுபடி கூட்டி, அடுத்த முறை எதை விடலாம், எதைச் சேர்க்கலாம் என்று கேட்டு, தாத்தாவின் நோட்டின் கடைசிப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.